மறுபதிவு எது, சொந்த எழுத்து எது: செய்தியைப் பகிர்வோருக்கு ஒரு விளக்கம்

கொழும்பில் ஏதாவது நடந்தால் அரை மணி நேரத்துக்குள் அதே நான்கு பந்திகள், அதே எழுத்துப்பிழையோடு, செய்தித்தளங்களிலும் முகநூல் பக்கங்களிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் வந்து நிறைந்துவிடுகின்றன. முதலில் எழுதியது யார் என்று கேட்டால் பதில் கிடைப்பதில்லை. "செய்திக்கு ஏது உரிமை, அது எல்லோருக்கும் பொதுதானே" என்கிறார்கள் ஒரு சாரார். "நான் அலைந்து எழுதியதை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டார்கள்" என்று குமுறுகிறார்கள் மற்றவர்கள். இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. எது எந்த அளவுக்கு உண்மை என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

எல்லாவற்றையும் 'பகிர்வு' என்ற ஒரே பெயரில் அழைப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. உண்மையில் இவை ஐந்து வேறு வேறு செயல்கள்.

1. பகிர்தல்: மூலச் செய்தியின் இணைப்பை மட்டும் கொடுப்பது. வாசிக்க விரும்புகிறவர் எழுதியவரின் பக்கத்துக்கே போவார்.

2. மறுபதிவு: முழு வாசகத்தையும் பிரதி எடுத்து வேறிடத்தில் போடுவது. ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் போடுவதும் இதுதான். அடியில் 'நன்றி' என்று இருந்தாலும் மறுபதிவு மறுபதிவுதான்.

3. மேற்கோள்: தன் கருத்தைச் சொல்வதற்காக இன்னொருவரின் இரண்டு மூன்று வரிகளை, யாருடையவை என்று சொல்லி எடுத்தாள்வது.

4. மாற்றி எழுதுதல்: ஒருவர் திரட்டிய தகவலைச் சொற்களை மாற்றி எழுதுவது. மொழிபெயர்ப்பும் இதற்குப் பக்கத்தில்தான் வரும். சண்டை அதிகம் நடப்பது இந்த இடத்தில்.

5. சொந்த எழுத்து: எழுதுகிறவர் தானே பார்த்ததோ, கேட்டதோ, ஆவணத்தில் வாசித்ததோ, யோசித்து முடிவுக்கு வந்ததோ அதில் இருக்க வேண்டும். நீளமும் நடையும் இதற்கு அளவுகோல் ஆகாது. ஐந்து வரியில் ஒரு தெருவின் உண்மை நிலையைச் சொன்னால் அது சொந்த எழுத்து. ஐந்து தளங்களில் இருந்து வெட்டி ஒட்டிய ஐந்து பக்கம் அப்படி ஆகாது.

ஒரு செய்தி எங்கிருந்து புறப்படுகிறது

நம் கைக்கு வரும் தமிழ்ச் செய்திகளில் பெரும்பகுதிக்கு மூலம் சில குறிப்பிட்ட வாசல்கள்தான். பொலிஸ் ஊடகப் பேச்சாளரின் அறிக்கை, அரசாங்கத் தகவல் திணைக்களத்தின் அறிவித்தல், அமைச்சுகளின் ஊடகப் பிரிவுகள், வளிமண்டலவியல் திணைக்களம், இடர் முகாமைத்துவ நிலையம், பாராளுமன்றம், புதுக்கடை நீதிமன்ற வளாகம். இவற்றோடு மாவட்டம்தோறும் இருக்கும் பிரதேச நிருபர்கள்.

நீதிமன்றச் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கு எடுக்கப்படும்வரை நிருபர் மன்றில் காத்திருக்க வேண்டும். நீதவான் சொன்னதைக் குறிப்பெடுக்க வேண்டும். அங்கே பேசப்படுவது பெரும்பாலும் சிங்களமும் ஆங்கிலமும். எழுதுவதோ தமிழில். 'பிணை', 'விளக்கமறியல்', 'ஒத்திவைப்பு' எதுவும் இடம் மாறிவிடக் கூடாது. சட்டத்தரணியிடம் ஒரு தடவை கேட்டு உறுதிப்படுத்த வேண்டும். பிறகு செய்தி ஆசிரியர் திருத்துகிறார். இத்தனையும் சேர்ந்து உருவாவது நான்கு பந்தி. பிரதி எடுப்பதற்கோ சில விநாடிகள் போதும்.

முன்பு பிரதி எடுப்பது இவ்வளவு எளிதாக இருக்கவில்லை. இலங்கைத் தமிழ்த் தட்டச்சு நெடுங்காலம் பாமினி எழுத்துருவில் நடந்தது. பாமினியில் அடித்ததை அப்படியே வேறிடத்தில் ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் குழம்பித் தெரியும். எந்தக் கணினியிலும் ஒரேபோல் தெரியும் யூனிகோட் எழுத்துமுறை பரவிய பிறகு அந்தத் தடை போய்விட்டது. தமிழ் இணையத்தின் வளர்ச்சிக்கு யூனிகோட் செய்த உபகாரம் மிகப் பெரிது. அதே கதவால் பிரதிகளும் உள்ளே வந்தன.

அப்புறம் பணம். 2018 பெப்ரவரியில் கூகுள் தனது அட்சென்ஸ் விளம்பரச் சேவையைத் தமிழுக்கும் விரித்தது. தமிழில் ஒரு பக்கம் வைத்து, ஆட்களை வரவழைத்து, விளம்பரத்தால் சம்பாதிக்கும் வழி அதன் பிறகு திறந்தது. வருமானம் வருகையைப் பொறுத்தது. பந்தியை எழுதியவர் யார் என்று விளம்பரம் கேட்பதில்லை. நிருபரை வேலைக்கு வைத்தால் செலவு, பிரதி எடுத்தால் செலவே இல்லை என்ற நிலையில், நிருபரை வைத்திருப்பவர் நட்டப்படுகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது

இலங்கையில் இதற்கான சட்டம் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம். பலர் நினைப்பதைவிட இது தெளிவாகவே பேசுகிறது.

1. அன்றாடச் செய்திக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லை. சட்டத்தின் 8 ஆம் பிரிவு இதை வெளிப்படையாகச் சொல்கிறது. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமாக 1886 இல் உருவான பேர்ன் உடன்படிக்கையிலும் இதே கொள்கை உண்டு. "செய்தி எல்லோருக்கும் பொது" என்று சொல்கிறவர்களின் பக்கம் இருக்கும் நியாயம் இதுதான்.

2. ஆனால் 'அன்றாடச் செய்தி' என்பது நடந்த விடயத்தைக் குறிக்கிறது. நேற்று பெய்த மழையில் வெள்ளவத்தையில் காலி வீதி நீரில் மூழ்கியது என்பது யாருக்கும் சொந்தமில்லை, அதை நீங்களும் எழுதலாம். அந்த மழையில் ஒரு புடவைக் கடைக்காரர் சரக்கை மேல் தட்டுக்கு ஏற்றிய காட்சியை ஒரு நிருபர் தன் நடையில் எழுதியிருந்தால், அந்த வரிகள் அவருடையவை. நேர்காணல், சிறப்புக் கட்டுரை, பத்தி எழுத்து, கேலிச்சித்திரம் எல்லாம் இந்த வகையில் வரும்.

3. புகைப்படம் தனிப் படைப்பு. செய்தியை எடுத்துச் சொல்லலாம் என்பதால் அதோடு வந்த படத்தையும் எடுக்கலாம் என்று ஆகாது. நமது பக்கங்களில் மிக அதிகமாக மீறப்படும் உரிமை இதுவாகத்தான் இருக்க வேண்டும். மூலையில் இருக்கும் பெயரை வெட்டிவிட்டுத் தன் பக்கத்தின் முத்திரையைக் குத்துவது அதைவிட மோசம்.

4. மொழிபெயர்க்கும் உரிமையும் எழுதியவருக்கே. ஆங்கிலப் பத்திரிகையின் கட்டுரையைத் தமிழாக்கி வெளியிட அனுமதி வேண்டும். தமிழாக்கியவரின் உழைப்பு உண்மைதான். அந்த உழைப்பு மூல உரிமையைத் தள்ளுபடி செய்யாது.

5. எழுதியவருக்குத் தார்மிக உரிமை உண்டு. அவர் பெயர் இருக்க வேண்டும், அவர் எழுதியதைச் சிதைக்கக் கூடாது. தலைப்பைப் பரபரப்பாக மாற்றிவிட்டு உள்ளே அவர் பெயரையே வைத்திருப்பது இந்த உரிமையோடு மோதும்.

6. நியாயமான பயன்பாட்டுக்கு இடம் உண்டு. விமர்சனம், கருத்துரை, செய்தி அறிக்கையிடல், கற்பித்தல், ஆய்வு ஆகியவற்றுக்காக எடுத்தாளலாம் என்கிறது 11 ஆம் பிரிவு. அதற்கு நான்கு கேள்விகளைப் பார்க்கிறார்கள்: எதற்காக எடுத்தீர்கள், எடுத்தது எத்தகைய படைப்பு, எவ்வளவு எடுத்தீர்கள், அதனால் மூலத்தின் சந்தை என்னவாகும். முழுக் கட்டுரையையும் போட்டு, அடியில் "சிந்திக்க வேண்டிய விடயம்" என்று ஒரு வரி சேர்த்தால், மூன்றாவது, நான்காவது கேள்விகளில் தாங்காது.

பதிப்புரிமைக்கு இங்கே பதிவு தேவையில்லை. எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது, எழுதியவர் வாழும் காலத்துக்கும் அதன் பின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. "அவர் எங்கே பதிவு செய்திருக்கிறார்" என்று கேட்பதில் பொருளில்லை.

இந்தச் சண்டை புதியதும் இல்லை. முதல் உலகப் போரின்போது அமெரிக்காவில் இன்டர்நேஷனல் நியூஸ் சேர்விஸ் என்ற நிறுவனம் நேச நாடுகளின் தந்திக் கம்பிகளைப் பயன்படுத்த முடியாமல் தடுக்கப்பட்டது. அது என்ன செய்ததென்றால், போட்டி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ்ஸின் செய்திகளை அறிவித்தல் பலகைகளில் இருந்தும், கிழக்குக் கரையில் காலையில் முதலில் வெளியாகும் பத்திரிகைகளில் இருந்தும் எடுத்து, மேற்குக் கரைக்குத் தந்தியடித்தது. நேர வித்தியாசத்தால் அங்கே அது சுடச்சுடச் செய்தி. 1918 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் சாரம்: நடந்த நிகழ்வு யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் ஒரு போட்டியாளர் இன்னொருவர் விதைத்ததை அறுவடை செய்வது முறையற்ற போட்டி. அது அந்த நாட்டுத் தீர்ப்பு, நமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் பிரச்சினையின் வேரை அது சரியாகத் தொட்டது. செய்தியை உடைமையாக்க முடியாது என்றால், செய்தி சேகரிக்கும் வேலையை யார் தாங்குவது?

'நன்றி: இணையம்'

தமிழ் மறுபதிவுகளின் அடியில் வழக்கமாகக் காணும் வரிகள்: 'நன்றி: இணையம்', 'படித்ததில் பிடித்தது', 'பகிர்வுப் பதிவு'. போடுகிறவர்களில் பலர் நல்ல மனதோடுதான் போடுகிறார்கள், தாம் எழுதியது என்று ஏமாற்ற விரும்பாதவர்கள். ஆனால் 'இணையம்' என்று ஓர் ஆள் இல்லை. அந்த வரி யாருக்கும் நன்றி சொல்வதில்லை, எழுதியவரைத் தேடிப்போகும் வழியை மட்டும் மூடுகிறது.

பெயரும் இணைப்பும் கொடுத்தால் மரியாதை காக்கப்படுகிறது. அனுமதி என்பது வேறு. பெயர் போட்டுவிட்டேன், அதனால் முழுவதையும் போடலாம் என்ற நம்பிக்கைக்குச் சட்டத்தில் ஆதாரமில்லை.

இணைப்பு கொடுப்பதில் இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரே வாசகம் பல பக்கங்களில் கிடந்தால், கூகுள் அவற்றுள் ஒன்றைத் தெரிந்து அதையே முன்னால் காட்டுகிறது. அது எப்போதும் முதலில் எழுதியவரின் பக்கமாக இருக்கும் என்று உத்தரவாதமில்லை. கூட்டம் அதிகம் வரும் பெரிய பக்கம் பிரதி எடுத்திருந்தால், எழுதிய சின்னப் பக்கம் தேடலில் பின்னுக்குப் போகக்கூடும். எதையும் சேர்க்காமல் பிரதி எடுக்கும் தளங்களைக் கூகுளின் விதிகள் குப்பை வகையில் சேர்க்கின்றன, 2024 மார்ச்சில் அந்த விதிகள் இறுக்கப்பட்டன. என்றாலும் ஒவ்வொரு தமிழ்ப் பந்திக்கும் அந்த நீதி கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

திருத்தம் போய்ச் சேராது

உரிமைப் பிரச்சினையைவிட என்னை அதிகம் வருத்துவது இதுதான்.

மூலத்தில் பிழை இருந்தால் மூலத்தில் திருத்தலாம். பிரதிகளை யார் திருத்துவது? 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின், ஏப்ரல் 25 ஆம் திகதி பொலிஸார் தேடப்படும் சந்தேக நபர்களின் படங்களை வெளியிட்டார்கள். அவற்றுள் ஒன்று, தாக்குதலோடு எந்தத் தொடர்பும் இல்லாத, அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியின் படம். பொலிஸாரே தவறை ஒப்புக்கொண்டு விலக்கிக்கொண்டார்கள். அதற்குள் படம் கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போய்விட்டது. இணைப்பைப் பகிர்ந்தவர்களின் வாசகர்கள் மறுநாள் சொடுக்கினால் திருத்தப்பட்ட பக்கம் வரும். ஸ்கிரீன்ஷொட் போட்டவர்களின் வாசகர்களுக்கு அந்த மாணவி இன்றும் சந்தேக நபர்தான். ஒரு அப்பாவியின் முகத்தை இப்படி மாட்டிவைக்கும் வேலையில் 'பகிர்ந்தேன்' என்ற சொல் நம்மை விடுவிக்காது.

இவ்வளவு பெரிய விடயமாக இருக்க வேண்டியதில்லை. நீர்வெட்டு அறிவித்தலைப் பாருங்கள். "நாளை காலை 9 மணி முதல் கொழும்பு 13, 14, 15 பகுதிகளுக்கு நீர்வெட்டு" என்று வரும். நீர் வழங்கல் சபையின் மூல அறிவித்தலில் திகதி இருக்கும். பிரதியில் தலைப்பு மட்டும் மிஞ்சும். மூன்று நாள் கழித்து அதே வாசகம் கொட்டாஞ்சேனைக் குழுவொன்றில் வந்தால், 'நாளை' என்பது எந்த நாள்? வாளிகளையும் பானைகளையும் நிரப்பிவைத்துக் காத்திருப்பவர்கள் அந்த வீடுகளில் இருக்கும் பெண்களும் முதியவர்களும்தான். அடுத்த தடவை உண்மையாகவே நீர் நிற்கும்போது அவர்கள் நம்பமாட்டார்கள்.

பத்திரிகைகளுக்கு எதிராக முறையிட 2003 முதல் இலங்கைப் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு இருக்கிறது, பத்திரிகை ஆசிரியர்கள் ஏற்றுக்கொண்ட ஒழுக்கக் கோவையும் இருக்கிறது. பெயரில்லாத பிரதிக்கு எதிராக எங்கே போய் முறையிடுவது?

பகிர்ந்தவருக்கும் பொறுப்பு உண்டா

உண்டு, இரண்டு வழிகளில். குற்றவியல் அவதூறுச் சட்டம் இலங்கையில் 2002 இல் நீக்கப்பட்டது, ஆனால் சிவில் அவதூறு வழக்கு தொடரலாம். ஒருவரைப் பற்றிய பொய்யைத் திரும்ப வெளியிடுவதும் வெளியிடுவதுதான். இரண்டாவது, 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம். பொது ஒழுங்குக்கோ தேசிய பாதுகாப்புக்கோ அச்சுறுத்தலாகும் பொய்க் கூற்றைத் தெரிவிப்பதை அது குற்றமாக்குகிறது. கருத்துச் சுதந்திரத்தை நெரிக்கும் என்று ஊடக அமைப்புகள் இந்தச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தன, அந்த எதிர்ப்பு நியாயமானது என்பதே என் எண்ணம். ஆனாலும் அது நடைமுறையில் இருக்கும்வரை, "நான் எழுதவில்லை, அனுப்பினேன்" என்பதை நம்பி இருப்பது ஆபத்து.

எழுதப்படாமல் போவது எது

ஒரே அறிக்கையை இருபது பேர் பிரதி எடுக்கும்போது செய்தி பெருகிவிட்டது போலத் தோன்றும். உண்மையில் இருபது இடத்தில் இருப்பது ஒரே கண்கள் பார்த்த ஒரே காட்சி.

2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லவில் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்தார்கள். சரிந்த பிறகு எண்ணிக்கையைச் சொல்வது அறிக்கையால் முடியும். ஆனால் அந்த மேடு ஒரே இரவில் வளரவில்லை. கொழும்பின் குப்பை ஆண்டுக்கணக்கில் அங்கே கொட்டப்பட்டது, அயலில் வாழ்ந்தவர்கள் வேண்டாம் என்று போராடிக்கொண்டே இருந்தார்கள். சரிவதற்கு முன்பான அந்தக் கதைக்கு ஊடக அறிக்கை வராது. யாராவது அந்தச் சந்துக்குள் நடந்துபோய், சுவரில் விழுந்த வெடிப்பைப் பார்த்து, குடியிருப்பாளரிடம் கேட்டு எழுதினால்தான் உண்டு.

கொழும்புத் தமிழரின் வாழ்க்கையில் இப்படி அறிக்கை வராத விடயங்கள் நிறைய. மட்டக்குளியில் மழை நீர் எந்த ஒழுங்கையில் தேங்குகிறது, 'தோட்டம்' என்று கொழும்பில் அழைக்கப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் இருந்து அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டவர்களுக்கு மின்தூக்கி பழுதானால் யார் வருகிறார்கள், பொலிஸ் நிலையத்தில் தமிழில் முறைப்பாடு எழுத ஆள் இருக்கிறாரா, பாடசாலையில் தமிழ் மொழிமூல விஞ்ஞான ஆசிரியர் எத்தனை மாதமாக இல்லை. இவற்றை யாழ்ப்பாணத்தில் இருப்பவரோ ரொறொன்ரோவில் இருப்பவரோ எழுத முடியாது. கிராண்ட்பாஸில் இருப்பவர்தான் எழுத வேண்டும். அவரோ காலையில் இருந்து மறுபதிவு போட்டுக்கொண்டிருக்கிறார், அதுவும் சமூகத்துக்குச் செய்யும் சேவை என்று நம்பி. அந்த அக்கறையில் கால்வாசி தன் தெருப் பக்கம் திரும்பினால் கூடப் போதும்.

மறுபதிவு சரியாகும் இடங்கள்

எல்லா மறுபதிவும் தவறு என்று சொல்ல வரவில்லை. வெள்ள எச்சரிக்கை, மண்சரிவு எச்சரிக்கை, காணாமல் போனவர், இரத்தம் தேவை, மரண அறிவித்தல் போன்றவை பரவுவதற்காகவே எழுதப்படுபவை. எச்சரிக்கை தமிழில் பிந்தி வரும் நேரங்களில், சிங்கள அறிவித்தலை உடனே தமிழாக்கிப் போடுகிறவர் உயிர் காக்கிறார். அங்கேயும் மூன்று விடயங்கள் விடுபடக் கூடாது.

1. வெளியிட்டது யார், எந்தத் திகதி, எத்தனை மணிக்கு. 'இன்று', 'நாளை' என்பவற்றைத் திகதியாக மாற்றிவிடுங்கள்.

2. மூல அறிவித்தலின் இணைப்பு.

3. தேவை முடிந்ததும் நீக்குதல், அல்லது "முடிந்தது" என்று மேலே எழுதுதல். இரத்தம் கிடைத்து ஆறு மாதமான பிறகும் அந்தத் தொலைபேசிக்கு அழைப்புகள் போய்க்கொண்டிருப்பது அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு வேதனை.

மற்றச் செய்திகளுக்கு: இணைப்பு, மூலத்தைக் குறிப்பிட்டு உங்கள் சொற்களில் இரண்டு வரி, உங்களுக்குத் தெரிந்த உள்ளூர் விவரம் ஏதும் இருந்தால் அது. சரி, முழுக் கட்டுரையும் வேண்டும் என்று தோன்றினால் எழுதியவருக்கோ ஆசிரியருக்கோ எழுதிக் கேளுங்கள். எங்கே போடப்போகிறீர்கள், விளம்பரம் இருக்கிறதா, மாற்றம் செய்வீர்களா என்பதைச் சொல்லிக் கேட்டால் பதில் சொல்வது அவர்களுக்கும் சுலபம்.

எழுதத் தொடங்குகிறவருக்குத் திறந்திருக்கும் வாசல்கள்

கண்ணால் பார்த்ததை எழுதுவது முதல் வழி. அதற்கு அடுத்தபடியாக நம்மவர்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்துகிற இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஊடகவியலாளர் அட்டை தேவையில்லை, பிரஜையாக இருந்தால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை. மாநகர சபைக்கோ, நகர அபிவிருத்தி அதிகார சபைக்கோ, பாடசாலை விடயமென்றால் கல்வி அமைச்சுக்கோ தமிழிலேயே எழுதலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. "எங்கள் வீதியின் வடிகால் கடைசியாக எப்போது துப்புரவு செய்யப்பட்டது, செலவு எவ்வளவு" என்ற ஒரு கேள்வியின் பதில், யாரிடமும் பிரதி எடுக்க முடியாத கட்டுரையாகும்.

மற்றது, அரச ஆவணங்கள். புலமைச் சொத்துச் சட்டத்தின் அதே 8 ஆம் பிரிவு, சட்ட, நிர்வாகத் தன்மையுள்ள உத்தியோகபூர்வ வாசகங்களுக்கும் அவற்றின் உத்தியோகபூர்வ மொழிபெயர்ப்புகளுக்கும் பதிப்புரிமை இல்லை என்கிறது. சட்டமூலமும், அரசின் உத்தியோகபூர்வ அறிவித்தல் இதழான வர்த்தமானியும் இதில் அடங்கும். அரசாங்க அச்சுத் திணைக்களம் வர்த்தமானியை மூன்று மொழிகளிலும் இணையத்தில் போடுகிறது. பிரதி எடுக்கலாம், மேற்கோள் காட்டலாம், வரி வரியாகப் பிரித்து விளக்கலாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். அந்த வாசகமோ தமிழிலும் சாதாரண வாசகருக்குப் பிடிபடாத நடையில் இருக்கிறது. வாடகை வீட்டில் இருப்பவருக்கு, முச்சக்கரவண்டி ஓட்டுபவருக்கு, சின்னக் கடை வைத்திருப்பவருக்கு இந்தப் புதிய ஒழுங்குவிதியால் எது மாறுகிறது, எந்தத் திகதியில் இருந்து, மீறினால் எவ்வளவு தண்டம் என்று ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதித் தருகிற ஆட்கள் நமக்குப் போதாது. வழமையான வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வருகிறது.